ஸ்லாட் கார்: ஏறி ஓட்ட முடியாத தேர்களின் கதை

'ஸ்லாட் கார்' அப்படின்னு சொன்னதும் எதிர்ல இருக்கறவங்க கேக்கற முதல் கேள்வி, "ரிமோட் காரா தம்பி?" ரெண்டாவது கேள்வி, "இந்த வயசுலயா?" :-) ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட பதில் கிடையாது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சு, எங்கெங்கயோ போய், கடைசில சங்க இலக்கியத்துல வந்து நின்னுட்டேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

ரிமோட் கார் இல்லைங்க. முதல்ல ஒரு தடம் வேணும். அந்தத் தடத்துல சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு காடி ஓடும். (ஆசாரிமார் பலகையில் எடுப்பாங்களே, அதே காடிதான். ஊத்திக்கற காடி இல்லை.) காருக்கு அடியில், முன்பக்கம், ஒரு சின்ன நாக்கு இருக்கும். அது காடிக்குள்ள இறங்கி நிக்கும். காடிக்கு ரெண்டு பக்கமும் உலோகப் பட்டை, ஒண்ணு ப்ளஸ், ஒண்ணு மைனஸ். காரோட வயித்துல இருக்கற ரெண்டு செம்புப் பின்னல்கள் அந்தப் பட்டைகளை உரசிக்கிட்டே போய் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும். நம்ம கையில துப்பாக்கி விசை மாதிரி ஒரு கன்ட்ரோலர். அழுத்தினா மின்தடை குறையும், கார் சீறும். விட்டா நிக்கும். அவ்வளவுதான் மொத்த இயந்திரமும். டிப்ளமோ முதல் வருஷ லேப்ல இதைவிடச் சிக்கலானதைச் செஞ்சிருப்போம்.

கவனிச்சீங்களா, ஸ்டீரிங்கே கிடையாது. காடி போற பக்கம்தான் கார் போகும். "அப்புறம் இதுல ஓட்டறதுக்கு என்னடா இருக்கு?" என்று எங்கப்பா கேட்டார். இருக்கு. நேர்ப்பாதையில முழு விசையில போற கார் வளைவுக்குள்ள நுழையும்போது வேகத்தைக் குறைக்கலைன்னா நாக்கு காடியை விட்டு எகிறி, கார் கட்டிலுக்கு அடியில போய் மல்லாக்க விழும். எந்த இடத்துல விரலைத் தளர்த்தணும், எந்த இடத்துல திரும்ப அழுத்தணும், இது ரெண்டும்தான் விளையாட்டு. ஒரு சின்னக் கணக்கு: 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவு, டயருக்கும் தடத்துக்கும் உராய்வுக் கெழு 1 என்று வெச்சுக்குங்க. வேகத்தோட உச்சம் நொடிக்கு சுமார் 1.7 மீட்டர்தான். மணிக்கு ஆறு கிலோமீட்டர், நம்ம நடக்கற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனா கார் நிஜக் காரோட 32-ல ஒரு பங்கு. அதே 32-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட மணிக்கு 200 கிலோமீட்டர்! கண்ணு அதைத்தான் பாக்கும். அடி வயித்துல ஒரு ஜில் வரும் பாருங்க, அது அந்த 200-க்கு.

ஸ்டீரிங் இல்லாத வண்டியை மூலையில திருப்பறது மதுரைக்காரனுக்கு ஒண்ணும் புதுசு இல்லை. சித்திரைத் திருவிழாவில சுவாமி தேரும் அம்மன் தேரும் மாசி வீதிகளைச் சுத்தி வருதே, அதுக்கு எங்க இருக்கு ஸ்டீரிங்? வடம் பிடிச்சு ஆயிரம் பேர் இழுப்பாங்க, அது ஆக்ஸிலேட்டர். சக்கரத்துக்கு அடியில கட்டை போடறவங்கதான் பிரேக்கும் திருப்பமும். ஒரு மூலையில திரும்பும்போது அந்தக் கட்டை போடற ஆளுங்க முகத்தைப் பாருங்க. வேகம், நேரம், இடம், மூணையும் கண்ணாலயே அளந்துக்கிட்டு நிப்பாங்க. பெரிய தேருக்குப் பெரிய கட்டை. சின்னக் காருக்குக் கட்டைவிரல்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

மதுரையில டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல தொடங்கின நிறுவனம் பஸ் விட ஆரம்பிச்ச அதே காலகட்டத்துல, அமெரிக்காவுல லயோனல் என்கிற பொம்மை ரயில் கம்பெனி 1912-ல ஒரு மின்சார ரேஸ் கார் செட்டைக் கொண்டு வந்தது. ரயில் செய்யறவன் கார் செஞ்சா எப்படி இருக்கும்? ரயில் மாதிரியேதான் இருந்தது. காடி கிடையாது, தண்டவாளம் மாதிரி ஒரு ஏற்பாடு. 1915-லயே நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் இந்த யோசனை பெருசா எங்கயும் வேர் பிடிக்கலை. 1930-கள்ல ஆர்வலர்கள் குட்டிப் பெட்ரோல் இன்ஜின் வெச்ச மாதிரிக் கார்களை ஓட்டினாங்க. அதுல ஒரு வகையில, நடுவுல ஒரு கம்பம், அதுல கட்டின கம்பி, கம்பி முனையில கார். செக்கு மாடு மாதிரி சுத்தும். வேகம் அசுரத்தனம். ஆனா ஓட்டறவன் வேலை ஸ்டார்ட் பண்ணி விடறதோட முடிஞ்சது. அப்புறம் அவனும் வேடிக்கை பாக்கறவன்தான்.

இந்த வேடிக்கை பாக்கறது எங்க முடிஞ்சதோ அங்கதான் இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்துல ஃப்ரெட் ஃபிரான்சிஸ் என்று ஒருத்தர். மினிமாடல்ஸ் என்று ஒரு கம்பெனி நடத்திக்கிட்டு இருந்தார். 1952-ல ஸ்கேலக்ஸ் என்ற பேர்ல சாவி பொறிமுறை வெச்ச தகரக் கார்கள். சாவி போட்டுத் திருக வேணாம், காரைத் தரையில வெச்சுப் பின்னாடி இழுத்தா அடியில இருக்கற ஒரு தனிச் சக்கரம் ஸ்பிரிங்கை முறுக்கும். நம்ம சின்ன வயசுல திருவிழாக் கடையில வாங்கின 'பின்னாடி இழுத்து விடற கார்' இருக்கே, அதோட பெரியப்பா. கொஞ்ச வருஷம் பிச்சுக்கிட்டுப் போனது, அப்புறம் வியாபாரம் படுத்தது. புதுசா எதாவது வேணும்.

ஒரு பொம்மைக் கண்காட்சியில மின்சாரக் கார்கள் தடத்துல சுத்தி வர்றதைப் பாத்திருக்கார். சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. பாக்கறவன் கையில ஒண்ணும் இல்லை. மனுஷன் அங்கதான் விஷயத்தைப் பிடிச்சார். தன்னோட தகரக் காருக்குள்ள மோட்டாரை வெச்சு, ரப்பர் தடத்துல காடி போட்டு, கரண்டை ஆட்டக்காரன் கையில கொடுத்தார். ஸ்கேலக்ஸ் கூட எலெக்ட்ரிக்கைச் சேத்து 'ஸ்கேலக்ஸ்ட்ரிக்'. 1957 ஜனவரியில ஹாரோகேட் பொம்மைச் சந்தையில அறிமுகம். மாசராட்டி 250எஃப், ஃபெராரி 375 ரெண்டும் முதல் கார்கள். ஆரம்பத்துல கன்ட்ரோலர் வெறும் பொத்தான்தான், அழுத்தினா ஓடும், விட்டா நிக்கும். நடுவுல ஒண்ணும் கிடையாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கற விசை அப்புறமா வந்தது. ஆனா அந்தப் பொத்தானே போதுமா இருந்திருக்கு! மறு வருஷமே, 1958-ல, ட்ரை-ஆங் பொம்மைகளைச் செஞ்ச லைன்ஸ் பிரதர்ஸ் கம்பெனியை வாங்கிட்டாங்க. 1960-ல தகரம் போய் பிளாஸ்டிக் கார் வந்தது. பிளாஸ்டிக் வந்ததும் விலை இறங்கி, சாதாரண வீட்டுக்குள்ளயும் நுழைஞ்சது.

(சும்மா சொல்லக்கூடாது, ஃபிரான்சிஸ்தான் தனியா உக்காந்து கண்டுபிடிச்சார்னு இல்லை. சவுத்போர்ட் ஊர்ல மாதிரிப் பொறியியல் சங்கத்து ஆர்வலர்கள் 1954-லயே மின்சாரக் கார் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. அது சங்கத்து அரங்கம். ஃபிரான்சிஸ் அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு வந்தார். அந்த வித்தியாசம் முக்கியம், கொஞ்ச நேரத்துல திரும்ப வர்றேன்.)

ஸ்பெயின்ல 1962-ல இருந்து எக்ஸின் என்ற கம்பெனி உரிமம் வாங்கி இதைச் செஞ்சது. அங்க இது எந்த அளவுக்கு ஊறிப் போச்சுன்னா, சாலை மேம்பாலத்துக்கே 'ஸ்கேலக்ஸ்ட்ரிக்'னு பேர் வெச்சுட்டாங்க! மட்ரிட்ல அடோச்சா பகுதியில இருந்த ஒரு பின்னல் மேம்பாலத்தை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. 1980-கள்ல அதை இடிச்சுட்டாங்க, பேர் நிக்குது. நம்ம நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர், 2023-ல திறந்தது. ஸ்பெயின்காரன் மதுரைக்கு வந்தா அதை என்னன்னு கூப்பிடுவான்னு யோசிச்சுப் பாருங்க. 2009-ல இங்கிலாந்துல ஜேம்ஸ் மே என்ற தொலைக்காட்சி ஆசாமி, பழைய ப்ரூக்லண்ட்ஸ் ரேஸ் தடம் இருந்த இடத்துலயே ஊர்க்காரங்களைச் சேத்துக்கிட்டு, நாலரை கிலோமீட்டருக்கு மேல ஸ்லாட் தடம் போட்டு சாதனை பண்ணினார். நம்ம பாலம் அதைவிட நீளம். சும்மா ஒரு தகவலுக்கு. ஹி ஹி.

இப்போ அமெரிக்கா. இங்கதான் கதையில ஒரு பாடம் இருக்கு. 1960-ல அரோரா கம்பெனி உள்ளங்கைக்குள்ள அடங்கற சின்ன அளவு கார்களைக் கொண்டு வந்தது. 1963-ல அதுலயே புது மோட்டார் வெச்சு 'தண்டர்ஜெட் 500'. சாப்பாட்டு மேஜை மேலயே ஒரு ரேஸ் தடம் அடங்கிடும். அடிச்சுக்கிட்டு வித்தது. அதைப் பாத்து, ஊருக்கு ஊர் வாடகை ரேஸ் கூடங்கள் முளைச்சது. பெரிய பெரிய தடங்கள், எட்டு வரிசை, மணிக்கு இவ்வளவுன்னு காசு. நம்ம ஊர்ல பில்லியர்ட்ஸ் சென்டர், அப்புறம் ப்ரவுசிங் சென்டர் முளைச்ச மாதிரி வெச்சுக்குங்க. 1960-களோட நடுவுல உச்சம். 1960-கள் முடியறதுக்குள்ள பெரும்பாலானது ஷட்டர் மூடியாச்சு.

ஏன்? கூடம் கூடமாத் திறந்து சந்தை நிரம்பி வழிஞ்சது ஒரு காரணம். இன்னொண்ணு எனக்கு இன்னும் சுவாரஸ்யமாப் படறது: கார்கள் ரொம்ப வேகமாயிடுச்சு. ரேஸ் கூடத்துல தினமும் கிடக்கற பசங்க மோட்டாரைக் கழட்டி, கம்பி திரும்பச் சுத்தி, கண்ணுக்கே தெரியாத வேகத்துல ஓட்ட ஆரம்பிச்சாங்க. புதுசா உள்ள வர்ற பத்து வயசுப் பையன் கார் முதல் வளைவுலயே பறந்து போகும். அவன் மறுபடி எதுக்கு வர்றான்? தெருக் கிரிக்கெட்ல ஒரு அண்ணன் மட்டும் நாள் முழுக்க பேட்டிங் பண்ணா மத்த பசங்க என்ன பண்ணுவாங்களோ அதைத்தான் அவங்களும் பண்ணினாங்க.

அதுக்கப்புறம் கம்பெனிகளுக்கும் அடி மேல அடி. லைன்ஸ் பிரதர்ஸ் 1971-ல திவால். 1963-ல ஆரம்பிச்ச ஜெர்மனி கர்ரேரா 1985-ல திவால். அரோரா காணாமலே போச்சு. ஆனா பாருங்க, பொழுதுபோக்கு சாகலை. ஸ்கேலக்ஸ்ட்ரிக் கைமாறிக் கைமாறி ஹார்ன்பி கையில நின்னது, கர்ரேராவை 1999-ல ஒரு ஆஸ்திரியக் கம்பெனி எடுத்துக்கிச்சு. ரேஸ் கூடம் செத்துப் போன காலத்துல இதைக் காப்பாத்தினது வீட்டுப் பரண்தான். கட்டிலுக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டி, லீவு வந்தா எடுத்து விரிக்கறது, அப்பாவும் பிள்ளையும் ரெண்டு பக்கமும் உக்காந்து ஓட்டறது. இது வீட்டு விளையாட்டு. வீட்டை விட்டு வெளிய போனப்போ வாடிப் போச்சு, வீட்டுக்குள்ள இருந்தப்போ பொழைச்சுக்கிச்சு. இதான் என் கட்சி. மாத்துக் கருத்து இருந்தா சண்டைக்கு வாங்க.

2004-ல டிஜிட்டல் வந்தது. இதுல எங்க சாதிக்காரன் வேலை இருக்கறதால ஒரு நிமிஷம். (சாதின்னா மென்பொருள் சாதி.) பழைய முறையில ஒரு காடிக்கு ஒரு கார்தான், ஏன்னா அந்தப் பட்டையில போற மின்னழுத்தம்தான் வேகம். டிஜிட்டல்ல பட்டையில மின்சாரம் எப்பவும் முழுசாப் போகும், அதே பட்டை வழியா தகவலும் போகும். "மூணாம் நம்பர் கார், பாதி வேகம்" என்று. ஒவ்வொரு கார்லயும் ஒரு சில்லு, தன் நம்பர் வந்தா மட்டும் கேட்டுக்கும். ரெண்டு காடியில ஆறு கார் ஓடலாம், நடுவுல காடி மாறி முந்தலாம். நம்ம நெட்வொர்க் பாடத்துல படிச்ச அதே 'ஒரு கம்பி, பல பேர், விலாசம் போட்ட கடிதம்' கதைதான். அழகா இருக்கு. ஆனாலும் எனக்கு என்னமோ பழைய முறையிலதான் மனசு. விரல்ல கொடுத்த அழுத்தம் நேரா மோட்டாருக்குப் போறதுல ஒரு சுகம்.

இவ்வளவு கதை நடந்திருக்கே, நம்ம பக்கம் ஏன் சத்தமே இல்லை?

ரேஸ் பைத்தியம் நம்ம ஊர்ல குறைச்சலா? இரண்டாம் உலகப் போர்ல போட்ட சோழவரம் விமான ஓடுதளத்துல ரேஸ் நடத்தின ஊருங்க இது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல வந்தது, ஸ்கேலக்ஸ்ட்ரிக்குக்கு நாலு வருஷம் மூத்தது! 1990-ல இருங்காட்டுக்கோட்டைத் தடம். கோயம்புத்தூர் கரிவரதன் தன் கைக்காசைப் போட்டு ரேஸ் கார் கட்டினார். அதே கோவையில இருந்து நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன் போனார். 2024-ல சென்னை தீவுத்திடலைச் சுத்தித் தெருவுலயே ராத்திரி ரேஸ் விட்டாச்சு. பெரிய கார் எல்லாம் இருக்கு. சின்னக் கார் மட்டும் இல்லை.

முதல் காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சது, இறக்குமதிக் கட்டுப்பாடு. அன்னியச் செலாவணி பாலுக்கும் மருந்துக்கும் இயந்திரத்துக்கும் போக வேண்டிய காலத்துல பொம்மைக் காருக்கு யார் லைசென்ஸ் கொடுப்பா? டிங்கி கார்களோட பழைய அச்சுகளை வாங்கி கல்கத்தாவுல 'நிக்கி டாய்ஸ்' என்ற பேர்ல அதே கார்களை வார்த்து வித்தாங்க. உருட்டி விளையாடற கார் அப்படி வந்து சேந்தது. மின்சாரத் தடம் வேணும்னா சிங்கப்பூர், பினாங்கு, வளைகுடான்னு போன மாமாவோ சித்தப்பாவோ சூட்கேஸ்ல கொண்டு வந்தாத்தான் உண்டு. அந்த சூட்கேஸ்ல அத்தைக்கு நைலான் சேலை, தாத்தாவுக்குத் தைலம், டேப் ரெக்கார்டர் எல்லாம் போக இடம் இருக்கணும். 2001 ஏப்ரல்ல அளவுக் கட்டுப்பாடுகள் முழுசா போச்சு. அதுக்குள்ள பசங்க வீடியோ கேமுக்குப் போயாச்சு.

கரண்டும் ஒரு விஷயம். என் பள்ளிக்கூட நாட்கள்ல, 2012 வாக்குல, மதுரையில ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இருந்ததுன்னு எண்றது சுலபம், எத்தனை மணி நேரம் இல்லைன்னு எண்றதுதான் கஷ்டம். அந்தக் காலத்துல யாராவது இந்த செட்டை வாங்கிக் கொடுத்திருந்தாலும் விசிறிக்கே வழி இல்லாத வீட்டுல கார் எங்க ஓடும்?

இப்ப? பொம்மைக்கான சுங்க வரி 2020-ல 20 சதவீதத்துல இருந்து 60, 2023-ல 70. 14 வயசுக்குட்பட்டவங்க விளையாடற பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உள்ளூர்ப் பொம்மைத் தொழிலுக்கு நல்லதுதான், நான் எதிர்க்கலை. தரமில்லாத பிளாஸ்டிக்கைக் குழந்தை வாயில வைக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா மாசம் ரெண்டு பேர் வாங்கற ஒரு பொழுதுபோக்குச் சாமானுக்கு எவன் முத்திரை வாங்கி இறக்குமதி பண்ணுவான்? இதுல ஒரு வேடிக்கை. ஐரோப்பியச் சுங்கப் பட்டியல்ல போட்டி போடற மின்சாரக் கார் ரேஸ் செட்டுக்குன்னே தனி வரி எண் இருக்கு. அது பொம்மைகள் இருக்கற 9503 தலைப்புல இல்லை. பில்லியர்ட்ஸும் சீட்டுக்கட்டும் இருக்கற 9504 தலைப்புல இருக்கு. "இந்த வயசுல பொம்மையா?" என்று கேக்கறவங்களுக்குக் காட்ட இதை அச்செடுத்து வெச்சிருக்கேன். அம்மா படிச்சுட்டு, "அப்ப சூதாட்டம்ங்கறியா?" என்று கேட்டுட்டுப் போயிட்டாங்க. :-(

'இது வெள்ளைக்காரன் வீட்டு விளையாட்டு, நமக்கும் இதுக்கும் ஒட்டாது' என்று ஒரு நண்பன் சொன்னான். அதுதான் என்னைப் பழைய புத்தகங்கள் பக்கம் தள்ளி விட்டது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார். பத்துப்பாட்டுல பட்டினப்பாலை, பெரும்பாணாற்றுப்படை ரெண்டையும் பாடினவர். ரெண்டுலயும் பொம்மைத் தேர் வருது! பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துக் குழந்தைங்க குதிரை இல்லாத மூணு சக்கரச் சின்னத் தேரை உருட்டிக்கிட்டு வர்றாங்க. காயப் போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, வீட்டுப் பெண் காதுல கிடந்த குழையைக் கழட்டி எறிஞ்சிருக்கா. அது வழியில கிடந்து தேரை மறிக்குது. பட்டினத்தோட செழிப்பைக் காட்டச் சொன்னது என்பாங்க உரைகாரங்க. எனக்கு அது தடத்துல கிடந்த தடங்கலால நடந்த முதல் விபத்து. பெரும்பாணாற்றுப்படையில தச்சர் வீட்டுப் பசங்களே ஆசைப்படற அளவுக்கு நல்லா செஞ்ச தேர் ஒண்ணு. அதுக்கு அவர் கொடுக்கற அடைமொழியைக் கவனிங்க: ஏறி ஊர முடியாத தேர் என்கிறார்.

இன்னொரு இடம் குறுந்தொகை 61-ஆம் பாட்டு, தும்பிசேர் கீரன் பாடினது. மருதத் திணை. தலைவனோட சேர்ந்து வாழற இன்பம் கிடைக்கலைன்னாலும் அவனோட நட்பை வளத்துக்கிட்டே இன்பமா இருக்கோம்னு சொல்ல ஒரு உவமை. தச்சன் செஞ்ச சின்னக் குதிரை வண்டி, அதுல ஏறிப் போக முடியாது, ஆனா கையால இழுத்தே இன்பப்படறாங்க சின்னப் பசங்க. நான் இதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் எந்தக் காலத்துலயும் மாசராட்டி வாங்கப் போறதில்லை. சோழவரத்துல ஓட்டினவங்க எல்லாம் பெரும்பாலும் காசு உள்ள வீட்டுப் பிள்ளைங்க. கார் ரேஸ் என்பது எப்பவுமே நூத்துல ஒருத்தர் ஓட்ட மத்தவங்க வேடிக்கை பாக்கற விஷயம். ஏறி ஓட்டறது ஒரு இன்பம், கையால இழுக்கறது இன்னொரு இன்பம், ரெண்டாவது ஒண்ணும் முதலாவதோட எச்சம் இல்லைன்னு ஒருத்தர் எப்பவோ எழுதி வெச்சிருக்கார்.

பிள்ளைத்தமிழ்ல ஆண்பால் பத்துப் பருவத்துல கடைசி சிறுதேர். பெண்பாலுக்கு அது கிடையாது, அம்மானை, நீராடல், ஊசல்னு போயிடும். குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பாடின பிள்ளைத்தமிழும் அப்படித்தான். திக்விஜயம் போய் எட்டுத் திசையும் ஜெயிச்ச எங்க ஊர் அம்மாவுக்கு ஒரு பொம்மைத் தேர் கொடுக்கலையேன்னு எனக்குக் குறை உண்டு. (என் அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு. அவ வீட்டுல இருக்கும்போது கன்ட்ரோலர் என் கைக்கு வர்றதில்லை. இலக்கண விதியெல்லாம் அவகிட்ட செல்லாது.)

இலக்கியம் வேணாம்னா பனங்காட்டுக்குப் போங்க. மேலூர், திருமங்கலம் பக்கம் சித்திரை வெயில்ல நுங்கு தின்னு முடிச்ச கூந்தல் ரெண்டை ஒரு குச்சியில கோத்து, கவட்டைக் கம்பால தள்ளிக்கிட்டு ஓடின ஆளுங்க நம்மள்ல எத்தனை பேர்! நுங்கு வண்டிக்கு ஸ்டீரிங் உண்டு, பிரேக் கிடையாது. வரப்புல திரும்பத் தெரியாதவன் வண்டி வாய்க்கால்ல. விதி ஒண்ணுதான்.

சரி, இப்ப நம்ம வேலைக்கு. இறக்குமதி செட் வேணாம்னு முடிவு பண்ணியாச்சு. பெரிய தொகை, அதோட தடம் துண்டு துண்டா இருக்கும், இணைப்புல எல்லாம் கரண்ட் கசியும். வெளிநாட்டுல பழம் தின்னு கொட்டை போட்ட ஆளுங்க எல்லாம் எம்.டி.எஃப். பலகையில ரவுட்டர் மிஷின் வெச்சுக் காடி எடுத்துக்கறாங்க. எட்டடிக்கு நாலடி பலகை, 12 மில்லிமீட்டர் கனம். காடி 3 மில்லிமீட்டர் அகலம், 7 மில்லிமீட்டர் ஆழம். ரெண்டு பக்கமும் ஒட்டுற செம்பு நாடா. எங்க தெரு ஆசாரி அண்ணன்கிட்ட படத்தைக் காட்டினேன். "வளைவுக்கு ஒரே ஆரமா, இல்ல இடத்துக்கு இடம் மாறுமா தம்பி? ரெண்டு காடிக்கும் நடுவுல எத்தனை இடைவெளி? பெயின்ட் அடிச்சா காடி சுருங்குமே, அதுக்கு எத்தனை விடணும்?" என்று மூணு கேள்வி கேட்டார். மூணுமே சரியான கேள்வி. எதுக்குன்னு மட்டும் கேக்கலை.

மோட்டார் டவுன்ஹால் ரோட்டுல கிடைக்கற 130 அளவு சாதாரண பொம்மை மோட்டார். கரண்டுக்கு எல்.இ.டி. விளக்குக்குப் போடற 12 வோல்ட் சப்ளை. காருக்கு அடியில வர்ற பின்னலுக்கு, ஈயத்தை உறிஞ்சி எடுக்க எலெக்ட்ரானிக்ஸ் கடையில விக்கற செம்புப் பின்னல் நாடா போதும், உலகம் பூரா ஆளுங்க அதைத்தான் வெட்டிப் போடறாங்க. காந்தம் வைக்கப் போறதில்லை. (நிறைய செட் கார்கள்ல அடியில காந்தம் வெச்சு தடத்தோட ஒட்ட வெச்சுருவாங்க, வளைவுல பறக்காது. பறக்காதுன்னா அப்புறம் விரலுக்கு என்ன வேலை?) வேகத்தைக் குறைச்சே வெக்கறதா முடிவு, அக்கா பொண்ணு முதல் வளைவுலயே பறந்து போகக்கூடாது இல்லையா.

தடத்தோட வடிவம் மாசி வீதி. நாலு மூலை, நாலும் கிட்டத்தட்ட செங்கோணம், நடுவுல நேர்ப்பாதை. ரேஸ் தடம்னு பாத்தா சுமாரான வடிவம்தான், பரவாயில்லை. நாலு மூலையையும் ஒரே மாதிரி வெக்காம, விளக்குத்தூண் பக்கத்து மூலையை மட்டும் கொஞ்சம் இறுக்கமாப் போடச் சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டுப் பரண்ல, சிங்கப்பூர் மாமா கொண்டு வந்த பெட்டி எதாவது, கறுப்புத் தடமும் ரெண்டு காரும் வெச்சு, தூசி அடைஞ்சு கிடந்தா சொல்லுங்க. விலைக்குக் கேக்கலை. எந்த வருஷம், எந்த ஊர்ல இருந்து வந்தது, யார் ஓட்டினாங்க, எப்ப நின்னு போச்சு, அது தெரிஞ்சா போதும். மதுரையில, சுத்து வட்டாரத்துல இருந்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே வந்து பாத்துட்டுப் போறேன். மோட்டார் கார்பன் தேஞ்சிருந்தா மாத்திக் கொடுத்துட்டும் வர்றேன்.